வீட்டு மாடலா, ஆபீஸ் மாடலா? செட்டிநாட்டுப் பக்கம் முதல் லேப்டாப் வாங்குவோருக்கு

கடையில் இரண்டு லேப்டாப் அடுத்தடுத்து இருக்கும். இரண்டிலும் இன்டெல் ஐ5, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. ஒன்று வெள்ளி நிறத்தில் ஒல்லியாகப் பளபளக்கும். மற்றது கறுப்பாக, சற்றுத் தடிமனாக, பார்க்க ஒன்றும் விசேஷமில்லாமல் இருக்கும். விலை மட்டும் அந்தக் கறுப்புக்குத்தான் கூடுதல். "ஏண்ணே, இதுக்கு மட்டும் இவ்வளவு ஜாஸ்தி?" என்று கேட்டால், "அது பிசினஸ் மாடல் தம்பி, கம்பெனிக்காரங்க வாங்குறது. உங்களுக்கு இதுவே போதும்" என்று வெள்ளியை நகர்த்துவார் கடைக்காரர். பல பேருக்கு அவர் சொல்வது சரிதான். சில பேருக்கு அது பணத்துக்கு வேட்டு. நீங்கள் எந்தப் பக்கம் என்று கடைக்குள் நுழைவதற்கு முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், பொன்னமராவதிப் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். லேப்டாப் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனால் அது படுத்துவிட்டால் என்ன செய்வது என்பது ஊருக்கு ஊர் வேறு. லேப்டாப் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் எங்கே என்பதைப் பொறுத்து நமக்கு மதுரையோ திருச்சியோ போக வேண்டிவரும். காரைக்குடியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். போக ஒரு நாள், பொருளைத் திரும்ப வாங்க இன்னொரு நாள். அதனால் நம் ஊரில் லேப்டாப் வாங்குகிறவர் ப்ராசசரைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் பாதியையாவது ரிப்பேரைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

வித்தியாசம் வேகத்தில் இல்லை

ஆபீஸ் மாடல் என்பதற்காக ஒரு லேப்டாப் வேகமாக ஓடிவிடாது. இரண்டுக்குள்ளும் இருப்பது அதே இன்டெல், அதே ஏஎம்டி. ப்ராசசரும் ரேமும் ஒன்றாக இருந்தால் டேலியும் எக்செலும் இரண்டிலும் ஒரே மாதிரிதான் திறக்கும். கூடுதல் பணம் போவது வேறு இடங்களுக்கு: உடம்பு, கீல், கீபோர்டு, உள்ளே கழற்றி மாட்டும் வசதி, வாரண்டி.

கீலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரிப்பேர் கடைக்கு வரும் வீட்டு மாடல்களில் அடிக்கடி பார்க்கிற கேஸ் இது. விலை குறைந்த லேப்டாப்பில் மூடியைத் தாங்கும் கீலை, பிளாஸ்டிக் உடம்புக்குள் பதித்த சின்னப் பித்தளை மரைகளில் திருகியிருப்பார்கள். திறந்து மூடித் திறந்து மூடி நாளடைவில் கீல் இறுகும். இறுகிய கீல் பிளாஸ்டிக்கை இழுக்கும். ஒருநாள் பித்தளை மரை பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்துவிடும். அப்புறம் மூடியைத் திறந்தால் ஓரம் பிளந்துகொண்டு நிற்கும். பசை போட்டு ஒட்டிக் கொடுப்பார்கள், கொஞ்ச நாள் தாங்கும். நல்ல ஆபீஸ் மாடல்களில் கீல் உலோகச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். மேல்வரிசை மாடல்கள் பலவற்றில் மக்னீசியக் கலவைச் சட்டமே இருக்கும்.

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய வீட்டுக் கதவு வாங்க வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். விவரம் தெரிந்தவர் முன்பக்கச் செதுக்கலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கதவைத் திருப்பிக் குடுமியையும் பின்சட்டத்தையும்தான் தடவிப் பார்ப்பார். லேப்டாப்பையும் அப்படியே பாருங்கள். மூடியின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் திறந்தால் திரை முறுக்கிக்கொண்டு வருகிறதா? கீபோர்டின் நடுவில் விரலால் அழுத்தினால் பலகை உள்ளே அமுங்குகிறதா? இந்த இரண்டுக்கும் அரை நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது கீபோர்டு. ஆபீஸ் மாடல்கள் பலவற்றில் கீபோர்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் கொட்டினால் தாங்கும்படி அமைப்பு வைத்திருப்பார்கள். தேய்ந்தால் கீபோர்டை மட்டும் மாற்றலாம். வீட்டு மாடல்கள் பலவற்றில் கீபோர்டை மேல்மூடியோடு சேர்த்து ரிவிட் அடித்திருப்பார்கள். ஒரு எழுத்து வேலை செய்யாவிட்டாலும் முழு மேல்மூடியையும் மாற்ற வேண்டிவரும், அல்லது கை பழகிய மெக்கானிக் ஒருவர் ரிவிட்டை ஒவ்வொன்றாகப் பெயர்க்க வேண்டும்.

'மிலிட்டரி கிரேடு' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். 810எச் என்ற அமெரிக்க ராணுவச் சோதனை முறையைச் சொல்கிறார்கள். அதில் உள்ள பல சோதனைகளில் எதையெதைச் செய்வது என்று கம்பெனியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இப்போது வீட்டு மாடல்களிலும் இது வருகிறது. அதைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

வீட்டு மாடல் ஜெயிக்கிற இடமும் உண்டு. திரை அதில் முக்கியம். ஆபீஸ் மாடல்களின் விலை குறைந்த வகைகளில் 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) மட்டுமே வெளிச்சமும் மங்கிய நிறமும் உள்ள திரையைப் போட்டுவிடுவார்கள். கம்பெனிக்கு எக்செல் தெரிந்தால் போதும். அதே விலைக்கு வீட்டு மாடலில் ஓஎல்இடி திரைகூடக் கிடைக்கும். கல்யாண ஆல்பம் போடுகிற போட்டோகிராபர், கண்டாங்கிச் சேலையின் நிறம் உள்ளபடி தெரிய வேண்டும் என்று நினைக்கிற ஆன்லைன் வியாபாரி, ஆத்தங்குடிக் கல் டிசைன்களை வாடிக்கையாளருக்குத் திரையில் காட்டுகிறவர், இவர்களெல்லாம் முதலில் எஸ்ஆர்ஜிபி (திரை காட்டக்கூடிய நிறங்களின் அளவுகோல்) 100 சதவீதம் என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆபீஸ் மாடல் என்ற பெயரை நம்பிப் போனால் சிவப்பு செங்கல் நிறத்தில் தெரியும்.

பெயரைப் படிப்பது

ஆபீஸ் மாடல் என்று சொல்லி வீட்டு மாடலை விற்பதும், விலை கூடிய ஆபீஸ் மாடலின் பெயரைச் சொல்லி அதே குடும்பத்தின் கடைசிப் பிள்ளையைக் கொடுப்பதும் நடக்கும். அதனால் பெயர்களைக் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள்.

லெனோவாவில் ஐடியாபேட் வீட்டு மாடல். திங்க்பேட் ஆபீஸ் மாடல். 1992இல் ஐபிஎம் தொடங்கியது, 2005இல் லெனோவா கைக்கு வந்தது. இடையில் திங்க்புக் என்று ஒன்று உண்டு. அது சின்னக் கம்பெனிகளுக்கானது, பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் திங்க்பேட் இல்லை. திங்க்பேடுக்குள்ளேயே இ, எல், டி, எக்ஸ் என்று வரிசை ஏறும். பி என்றால் வொர்க்ஸ்டேஷன், இன்ஜினியரிங் வேலைக்கு. 'திங்க்பேட் ரொம்ப ஸ்ட்ராங்' என்று ஊரெல்லாம் சொல்வது பெரும்பாலும் டி வரிசையை வைத்து. கடையில் புதிதாகக் கிடைப்பது பெரும்பாலும் இ வரிசை. அதுவும் நல்லதுதான், ஆனால் டி இல்லை.

எச்பியில் பெவிலியன், 15எஸ் எல்லாம் வீட்டு மாடல். 2024 முதல் புதிய வீட்டு மாடல்களுக்கு ஆம்னிபுக் என்று பெயர் மாற்றிக்கொண்டு வருகிறார்கள். ப்ரோபுக், எலைட்புக் இரண்டும் ஆபீஸ் வகை, எலைட்புக் மேலே. எச்பி 240, 250 என்று வெறும் எண்ணோடு வருவது ஆபீஸ் வகையின் அடிமட்டம். பெயர்தான் ஆபீஸ், உடம்பு ஏறக்குறைய வீட்டு மாடல்.

டெல்லில் இன்ஸ்பிரான் வீடு, லாட்டிட்யூட் ஆபீஸ், ப்ரிசிஷன் வொர்க்ஸ்டேஷன் என்று இருந்தது. 2025 ஜனவரியில் இந்தப் பெயர்களை மாற்றி டெல், டெல் ப்ரோ, டெல் ப்ரோ மேக்ஸ் என்று அறிவித்தார்கள். கடைகளில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டும் கலந்தே இருக்கும். லாட்டிட்யூட் எண்ணைப் படிப்பது சுலபம். 5420 என்றால் முதல் 5 வரிசை (3 அடிமட்டம், 7உம் 9உம் மேலே), அடுத்த 4 என்பது 14 அங்குலத் திரை, கடைசி 20 என்பது தலைமுறை. 5430, 5440 என்று போகப் போகப் புதியது. எச்பியிலும் ப்ரோபுக் 440 என்றால் 14 அங்குலம், 450 என்றால் 15.6. பக்கத்தில் ஜி8, ஜி9 என்று தலைமுறை இருக்கும்.

ஏசஸில் விவோபுக் வீடு, எக்ஸ்பர்ட்புக் ஆபீஸ். ஏசரில் ஆஸ்பயர் வீடு, டிராவல்மேட் ஆபீஸ்.

ப்ராசசர் பெயரில் ஒரு கண்கட்டு வித்தை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏஎம்டியில் ரைசன் 5 7520யு, 7530யு, 7540யு மூன்றும் பக்கத்து எண்கள் மாதிரித் தெரியும். மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். ஜென் என்பது ப்ராசசரின் உள் வடிவமைப்புத் தலைமுறை. மூன்றாவது இலக்கம் 2 என்றால் உள்ளே இருப்பது பழைய ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. 'ஏழாயிரம் சீரிஸ், லேட்டஸ்ட்' என்று கடையில் சொல்லும்போது இது ஞாபகம் வரட்டும். இன்டெல்லில் செலரான் என்று போட்டதைப் பிழைப்புக்காக வாங்காதீர்கள்.

உங்கள் வேலை எது?

கல்லூரிப் பிள்ளைகளிலிருந்து ஆரம்பிக்கலாம். கலை, வணிகவியல் படிப்பவர்களுக்கு வீட்டு மாடல் தாராளம். அரசுத் திட்டத்தில் லேப்டாப் கிடைத்திருந்தால் படிப்பு முடியும் வரை அதையே ஓட்டிவிட்டு, வேலை என்று வரும்போது வாங்குங்கள். அழகப்பா பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவருக்கும் வீட்டு மாடல் போதும், 16 ஜிபி ரேம் இருக்கட்டும். சிவில், ஆர்க்கிடெக்சர் பிள்ளைகள் ரெவிட், ஸ்கெட்ச்அப் மாதிரிக் கட்டடம் வரையும் மென்பொருள் என்று போவார்கள். அவர்களுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். புதிதாக வொர்க்ஸ்டேஷன் வாங்குவது விலை கட்டாது. அதே பணத்துக்கு கேமிங் லேப்டாப்பில் இன்னும் பெரிய கார்டு கிடைக்கும். சத்தமும் எடையும்தான் தொந்தரவு. மென்பொருள் கம்பெனிகளின் சான்று பெற்ற டிரைவர்கள் (கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்) வேண்டும் என்கிற அளவுக்குத் தொழில் வளர்ந்த பிறகு ப்ரிசிஷனையும் திங்க்பேட் பி வரிசையையும் யோசிக்கலாம்.

சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் முதலில் கம்பெனியையே கேளுங்கள். பல இடங்களில் லேப்டாப் அவர்களே அனுப்புவார்கள். சொந்த லேப்டாப்பில்தான் வேலை என்றால் விண்டோஸ் ப்ரோ (சாதாரண ஹோம் பதிப்புக்கு மேலே உள்ளது) கட்டாயமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு எழுதுகிறவர்கள். நம் ஊரில் லேப்டாப்பை நம்பிப் பிழைப்பவர்களில் இவர்கள் நிறைய. பேரேடும் ஐந்தொகையும் கையால் எழுதிய ஊர் இப்போது டேலியில் எழுதுகிறது, அவ்வளவுதான். கடைக்கணக்கு, ஜிஎஸ்டி ரிட்டர்ன், கோயில் புள்ளி வரிப் பட்டியல் வரை எல்லாம் எண்கள். எண்களைத் தட்டுகிறவருக்கு கீபோர்டின் வலப்பக்கம் தனி நம்பர் பேட் இல்லாவிட்டால் கை ஓடாது. இங்கேதான் ஆபீஸ் மாடல் வாங்கப் போய் ஏமாறுவார்கள். பெயர்பெற்ற ஆபீஸ் மாடல்கள் பெரும்பாலும் 14 அங்குலம், நம்பர் பேட் கிடையாது. பெட்டி பிரித்த பிறகு அது தெரிந்து, தனியாக ஒரு யூஎஸ்பி நம்பர் பேட் வாங்கி ஒட்டுப்போடுவார்கள். திங்க்பேட் இ16, ப்ரோபுக் 450 மாதிரிப் பெரிய அளவில் நம்பர் பேட் உண்டு. வாங்கும் முன் படத்தைப் பாருங்கள், அல்லது நேரில் தட்டிப் பாருங்கள். கணக்காளருக்கு இன்னொன்றும் முக்கியம்: டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகப் பழைய அகல யூஎஸ்பி துளை. ரொம்ப ஒல்லியான சில மாடல்களில் வெறும் சி வகைத் துளை மட்டும்தான் இருக்கும். டோக்கன், பிரிண்டர், மவுஸ் மூன்றையும் ஒரே நேரத்தில் செருக இடம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

இவர்களுக்கு என் சிபாரிசு ஆபீஸ் மாடல்தான், அதன் அடிமட்டத்துக்கு ஒரு படி மேலே. ரிட்டர்ன் கட்டும் கடைசித் தேதி நெருங்கும் நேரத்தில் லேப்டாப் படுத்தால், மிச்சம் பிடித்த பணமெல்லாம் அந்த ஒரு வாரத்திலேயே போய்விடும்.

மகன் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்துகொண்டு ஊரில் அப்பச்சியின் கம்ப்யூட்டரைத் திறந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்று சில வீடுகளில் கேட்பார்கள். விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஒரு லேப்டாப்புக்குள் வர வேண்டுமென்றால், அந்த லேப்டாப்பில் ப்ரோ பதிப்பு இருக்க வேண்டும். எனிடெஸ்க் போன்ற செயலிகள் ஹோம் பதிப்பிலும் ஓடும். ஆக, ப்ரோவுக்காக மட்டும் விலை கூடிய மாடலுக்குப் போக வேண்டாம். தேவைப்பட்டால் பிறகு பணம் கட்டி ஹோமை ப்ரோவாக மாற்றிக்கொள்ளலாம்.

பாரம்பரிய வீட்டை ஹோட்டலாக நடத்துகிறவர்களுக்கும், பெரிய வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கும் ஒரு தனிக் குறிப்பு. நம் வீட்டுச் சுவர்களின் தடிமன் உங்களுக்குத் தெரியும். முகப்பில் ரவுட்டர் வைத்தால் இரண்டாம் கட்டுக்கு வைஃபை போய்ச் சேராது. எவ்வளவு புது வைஃபை உள்ள லேப்டாப் வாங்கினாலும் சுவர் சுவர்தான். வயர் இழுத்து நேராகச் செருகுவதே நிம்மதி. வீட்டு மாடல்களில் பலவற்றில் லேன் துளையை எடுத்துவிட்டார்கள். ஆபீஸ் மாடல்களில் பலவற்றில் இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் யூஎஸ்பி அடாப்டர் இருக்கவே இருக்கிறது, அதற்காக முழு லேப்டாப்பை மாற்ற வேண்டியதில்லை. கரண்ட் போனால் லேப்டாப் ஓடும், ரவுட்டர் ஓடாது. ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ்ஸும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி ரேமைப் பற்றி: "ரேம் போர்டோட ஒட்டினதா, ஸ்லாட்ல இருக்கா?" ஒட்டினது என்றால் வாங்கும்போது இருப்பதுதான் கடைசி வரை. 8 ஜிபி ஒட்டி, ஸ்லாட்டும் இல்லாமல் வருவதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். இது வீட்டு மாடலின் குறை மட்டும் இல்லை. திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் மாதிரி உச்ச விலை ஆபீஸ் மாடலிலும் ரேம் ஒட்டித்தான் வரும். லாட்டிட்யூட் 5420 மாதிரி நடுவரிசையில் இரண்டு ஸ்லாட் இருக்கும். 8 ஜிபியோடு வாங்கிவிட்டு, பிறகு கை வசதிப்படி இன்னொரு 8 போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது சார்ஜர். சி வகைத் துளையில் சார்ஜ் ஏறினால் நல்லது. அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு 65 வாட் சார்ஜரும் உதவும். ஆபீஸ் மாடல்களில் சில ஆண்டுகளாகவே இது வழக்கம். வீட்டு மாடல்களில் இன்னும் பல, குண்டூசி முனையுள்ள உருண்டைப் பின்னோடு வருகின்றன. டெல்லின் உருண்டைப் பின் சார்ஜருக்குப் பதில் போலி போட்டால், அடையாளம் தெரியவில்லை என்று சொல்லி பேட்டரிக்கு ஏற்றாமல் விட்டுவிடும்.

மூன்றாவது வாரண்டி. இதற்குத்தான் நிதானமாக உட்கார்ந்து கேட்க வேண்டும். 'ஒரு வருஷ வாரண்டி' என்ற பேச்சில் இரண்டு வகை ஒளிந்திருக்கிறது. ஒன்றில் நீங்கள் பொருளைச் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப் போக வேண்டும். மற்றது ஆன்சைட், ஆள் உங்கள் இடத்துக்கு வருவார். சென்னையில் இந்த வித்தியாசம் சின்னது, நமக்குப் பெரியது. ஆபீஸ் மாடல்களில் ஆன்சைட் அதிகம், மூன்று ஆண்டு வரையும் கிடைக்கும். வீட்டு மாடல்கள் சிலவற்றிலும் ஆன்சைட் உண்டு, ஆகவே பெயரைப் பார்த்து ஊகிக்காதீர்கள். கடைக்காரர் வாயால் சொன்னதும் போதாது. கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குக் கடையிலிருந்தே போன் போட்டு, உங்கள் பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள். 630001க்குச் சொல்லும் பதிலும் 630103க்குச் சொல்லும் பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 'நெக்ஸ்ட் பிசினஸ் டே' என்று அட்டையில் போட்டிருந்தாலும், போனில் கோளாறைக் கண்டுபிடித்து, ஸ்பேர் வந்து சேர்ந்த பிறகுதான் ஆள் கிளம்புவார். அந்த ஒரு நாளை நம்பி வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வாரண்டியில் இன்னும் இரண்டு விஷயம். பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான், லேப்டாப்புக்கு மூன்று வருடம் போட்டிருந்தாலும் சரி. கீழே விழுந்தது, காபி கொட்டியது எல்லாம் சாதாரண வாரண்டியில் வராது, அதற்கு விபத்துப் பாதுகாப்பு என்று தனியாக வாங்க வேண்டும். வாரண்டியை நீட்டிப்பதாக இருந்தால் இருக்கும் வாரண்டி முடிவதற்குள் நீட்டிவிடுங்கள்.

வியாபாரம் வைத்திருப்பவர்கள் பில்லில் தங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு வாங்கினால், லேப்டாப்புக்குக் கட்டுகிற 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். வீட்டு மாடலுக்கும் ஆபீஸ் மாடலுக்கும் உள்ள விலை இடைவெளியில் ஒரு பகுதி அதிலேயே அடைபடும். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் மாடல்

புது வீட்டு மாடலின் விலைக்கும் கீழே, மூன்று நான்கு வருடம் ஓடிய மேல்வரிசை ஆபீஸ் மாடல் கிடைக்கும். பெரிய கம்பெனிகள் வாடகைக்கு எடுத்த லேப்டாப்புகளைச் சில ஆண்டுகளில் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிடும். அந்த லாட் சென்னை ரிச்சி தெரு வழியாகவும் ஆன்லைனிலும் ஊருக்கு ஊர் இறங்கும். கையில் பணம் அதிகம் இல்லாதவர், ஆனால் தினம் எட்டு மணி நேரம் தட்டுகிறவர் என்றால் எனக்குப் பிடித்த வழி இது. கண் திறந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். பார்க்க வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. ப்ராசசர் எண். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் 8ஆம் தலைமுறையாவது வேண்டும். ஐ5-8250யு என்றால் 8, ஐ5-7300யு என்றால் 7. மாடல் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், 2018இன் திங்க்பேட் டி480இல்கூட 7ஆம் தலைமுறை போட்டு வந்தது உண்டு. 7ஆம் தலைமுறையில் விண்டோஸ் 11ஐக் குறுக்கு வழியில் ஏற்றிக் காட்டுவார்கள். ஓடும், நம்பி வைத்துக்கொள்ள முடியாது.

2. பயாஸ் பூட்டு. பயாஸ் என்பது விண்டோஸ் வருவதற்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு. ஆன் செய்யும்போது லெனோவாவில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10 தட்டி உள்ளே போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். உள்ளே அப்சல்யூட் அல்லது கம்ப்யூட்ரேஸ் என்ற பகுதி (பழைய கம்பெனி தூரத்திலிருந்தே லேப்டாப்பைக் கண்காணிக்கவும் பூட்டவும் உதவுவது) ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. கம்பெனிப் பூட்டு. இது பலருக்குத் தெரியாது. சில லேப்டாப்புகள் பழைய கம்பெனியின் பெயரில் மைக்ரோசாஃப்டிடம் பதிவாகியே இருக்கும். இப்போது நன்றாக ஓடும். என்றாவது விண்டோஸைப் புதிதாக ஏற்றி இன்டர்நெட்டில் இணைத்ததும், அந்தக் கம்பெனியின் பெயரைக் காட்டி அவர்கள் ஈமெயிலைக் கேட்டு நிற்கும். "விண்டோஸை ரீசெட் போட்டு, நெட்ல கனெக்ட் பண்ணிக் காட்டுங்கண்ணே" என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். நேரம் ஆகும்தான். காத்திருங்கள்.

4. பேட்டரி. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்க ஒரு கட்டளை உண்டு, விற்பவருக்குத் தெரியும். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண் வரும். இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்கு இறங்கியிருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

5. எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் சதவீதத்தில் காட்டும்.

6. எல்லா எழுத்தையும் ஒரு தடவை தட்டுங்கள், எல்லாத் துளையிலும் பென்டிரைவ் செருகுங்கள், கேமராவையும் மைக்கையும் போட்டுப் பாருங்கள். திரையை முழு வெள்ளையாக்கி ஓரங்களில் மஞ்சள் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

7. அடியில் உள்ள சீரியல் நம்பர் அல்லது சர்வீஸ் டேகை அந்தந்தக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டால் வாரண்டி எப்போது முடிந்தது, சில சமயம் எந்த நாட்டுக்கு அனுப்பியது என்பது வரை தெரியும். அதே எண் பில்லிலும் இருக்க வேண்டும். பில் இல்லாமல் விலை குறைத்துக் கொடுப்பதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், திருட்டுப் பொருளாக இருந்தால் வில்லங்கம் உங்களுக்குத்தான்.

செகண்ட் ஹேண்டில் ஆபீஸ் மாடலை மட்டும்தான் சிபாரிசு செய்வேன். பழைய வீட்டு மாடல் என்ன விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். கீல் எந்த நாளில் பெயரும் என்று தெரியாது. ஸ்பேரும் சீக்கிரத்தில் கிடைக்காமல் போகும். திங்க்பேட் டி வரிசைக்கும் லாட்டிட்யூட் 5000, 7000க்கும் எலைட்புக் 800க்கும் கீபோர்டு, பேட்டரி, ஃபேன் எல்லாம் வருடக்கணக்கில் கிடைக்கும். எப்படிக் கழற்றுவது என்ற முழுக் கையேட்டையும் கம்பெனிகளே தங்கள் தளத்தில் போட்டிருக்கின்றன. செக்காலைப் பக்கத்து மெக்கானிக் அதைப் பார்க்காமலே கழற்றுவார். முதல்முறை திறக்கும் மாடல் என்றால் அவருக்கும் அது உதவும்.

வாங்கி வந்த முதல் வாரம்

பெட்டியைப் பிரிப்பதை போனில் வீடியோ எடுத்துவிடுங்கள், ஆன்லைனில் வாங்கியிருந்தால் கட்டாயம். கம்பெனித் தளத்தில் வாரண்டி தொடங்கிய தேதியைச் சரிபாருங்கள். கடையில் பல மாதம் கிடந்த பொருளாக இருந்தால், நீங்கள் வாங்கும் முன்பே வாரண்டி ஓட ஆரம்பித்திருக்கலாம். பில்லைக் காட்டினால் தேதியைத் திருத்திக் கொடுப்பார்கள்.

விண்டோஸ் உங்கள் டிஸ்க்கைத் தானாகப் பூட்டியிருந்தால் அதற்கு ஒரு ரெகவரி கீ இருக்கும், 48 இலக்கம். அதைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். கூடவே எந்த ஈமெயிலில் லேப்டாப்பைத் தொடங்கினீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள், கடைப்பையன் தன் ஈமெயிலைப் போட்டுத் தொடங்கிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

எப்போதும் சார்ஜரில் செருகியே வேலை பார்ப்பவர் என்றால் பேட்டரி 80 சதவீதத்தோடு நிற்கும்படி அமைத்துவிடலாம். லெனோவாவில் வான்டேஜ் செயலியில் இருக்கும், டெல்லிலும் எச்பியிலும் பயாஸிலேயே பார்க்கலாம். சித்திரை வைகாசி வெயிலில் மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள், அடிப்பக்கம்தான் காற்று இழுக்கும். ஆத்தங்குடித் தரையில் அப்படியே வைத்தாலும் பரவாயில்லை, தரையாவது சில்லென்று இருக்கும். ஆனால் வீடு கூட்டும் நேரத்தில் எடுத்து மேலே வைத்துவிடுங்கள்.